விசிலுக்கு எட்டாத தூரம்

சித்தப்பாவின் சாவு வீட்டில் எல்லோரும் அவருடைய வேட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பொகவந்தலாவைப் பக்கத்தில் அவரைப் போலப் பன்றியின் தடம் பார்க்கத் தெரிந்தவன் கிடையாது என்றார் ஒருவர். நாய்களைப் பெற்ற பிள்ளைகளைப் போல வளர்த்த மனுசன் என்றார் இன்னொருவர். நான் கையிலிருந்த தேத்தண்ணித் தட்டை மடாரென்று கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். செத்தவரைப் பற்றிக் குறை பேசக்கூடாதாம். உயிரோடு இருந்தபோது மட்டும் யார் பேசிக் கிழித்தார்கள்?

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. நாலாவதில் நாங்கள், ஐந்தாவதில் சித்தப்பாவும் சித்தியும். நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் தாளிக்கும் வாசத்தை வைத்தே அம்மா அங்கே என்ன கறி என்று சொல்லிவிடுவாள். அப்பா ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. தோட்டத்தில் அவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது என்பது எங்கள் வீட்டுப் பெருமை.

சித்தப்பா வாரம் பூராவும் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவார், ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போவார். முன்னே வெள்ளைக்கார துரை வேட்டைக்குப் போகும்போது புதரைத் தட்டி மிருகத்தைக் கிளப்பிவிடுகிற வேலை அவருக்கு. அரசாங்கம் தோட்டத்தை எடுத்துக்கொண்டதும் துரை தன் நாய்களை அப்படியே போட்டுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அதில் இரண்டைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். கூடவே துரை சுட்டுப்போட்ட வெற்றுத் தோட்டா ஒன்று. அந்தப் பித்தளைக் கூட்டின் வாயில் உதட்டை வைத்து ஊதினால் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு விசில் வரும். இரண்டு தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாக ஊதுவார். காட்டில் எந்த மூலையில் நின்றாலும் நாய்கள் அந்தச் சத்தத்துக்கு ஓடி வந்துவிடும்.

பிள்ளைகளைப் போல வளர்த்தாராம். கழுத்தில் கம்பியைச் சுற்றிக் கட்டுவார். வயிறு நிறைந்தால் நாய் படுத்துக்கொள்ளும் என்று சனிக்கிழமையே சோற்றை நிறுத்திவிடுவார். பன்றி கோரைப் பல்லால் நாயைக் கிழித்துவிட்டால், கிழிந்த நாயைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார். பன்றியைத் தூக்கவே ஆள் போதவில்லை, இதில் நாயை வேறு யார் தூக்குவது என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார். கிழடு தட்டிய நாயையும் வெடிச்சத்தத்துக்குப் பயந்த நாயையும் காட்டுக்குள் ஒரு மரத்தில் கட்டிவிட்டு வருவார். லயம் முழுக்க இது தெரியும். ஆனால் பன்றி விழுந்த அன்றைக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கும் பழைய பேப்பரில் சுற்றிய கறி வந்துவிடும். கறி தின்ற வாய் என்ன பேசும்? நானும் தின்றேன். எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சித் தின்றேன்.

பேசாமல் காரியம் செய்தது சித்தி மட்டும்தான். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசமாட்டாள். பிள்ளை இல்லை, அதற்கும் அவளைத்தான் குறை சொன்னார்கள். சித்தப்பா நாயில்லாமல் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு விறகுக்கென்று காட்டுக்குப் போவாள். தலையில் விறகுக் கட்டும், முதுகில் கம்பளிக்குள் நாயுமாக வருவாள். எங்கள் காம்பராவின் பின்பக்கம் ஆடு கட்டுகிற கொட்டிலில் அதை வைத்துத் தேற்றிவிடுவது, தேறியதும் தூரத்தில் யாரிடமாவது கொடுத்துவிடுவது. ஒற்றைக் கண் நாய் ஒன்று மேல் டிவிசன் கோயில் பூசாரியிடம் போனது. வெடிக்குப் பயந்தது ஒன்றைப் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்தவ டீச்சர் எடுத்துக்கொண்டார். இன்னொன்று கொழுந்து லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. கொட்டில் பக்கமே எட்டிப் பார்க்காத சித்தப்பாவைத் தவிர லயத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆளுக்கொரு ரொட்டித் துண்டுகூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவ்வளவு நல்லவர்கள்.

நாலாவதாக வந்தது ராணி. துரையின் நாய்க்கும் லயத்து நாய்க்கும் பிறந்த, இடுப்பு ஒடுங்கி நெடுங்கால் வைத்த பெட்டை. அடிவயிற்றிலிருந்து பின்தொடைவரை கிழிந்து தொங்கியது. சித்தி சாக்கு தைக்கிற ஊசியை நெருப்பில் காட்டி, உப்புத் தண்ணீரில் நனைத்த நூலைக் கோத்து, தன் கம்பளியைத் தைப்பது போலவே நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்டாள். நான் அதன் வாயைப் பிடித்துக்கொண்டேன். ராணி ஒரு தடவைகூடக் கடிக்கவில்லை. புண்ணுக்கு டிஸ்பென்சரியில் கொடுக்கும் ஊதா மருந்து வேண்டும் என்றாள் சித்தி. நாய்க்கென்றால் தரமாட்டார்களே. நான் கல்லில் முழங்காலைத் தேய்த்து இரத்தம் வரவைத்துக்கொண்டு போனேன். ஒரே வாரத்தில் மூன்று தடவை விழுந்த பிள்ளையைப் பார்த்து டிஸ்பென்சர் ஐயா, உங்கப்பன் கிட்ட சொல்லிக் காலைக் கட்டிப்போடச் சொல்லு என்றார்.

ராணி எழுந்து நடக்க ஒரு மாதம் ஆனது. பின்னங்கால் கொஞ்சம் இழுத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிராமத்தில் மரக்கறித் தோட்டம் வைத்திருந்த சிங்கள முதலாளிக்கு உருளைக்கிழங்குக்குக் காவல் இருக்க நாய் தேவைப்பட்டது. சித்தி தனக்குத் தெரிந்த நாலு வார்த்தைச் சிங்களத்தை வைத்துக்கொண்டு, ஹொந்த பல்லெக் மாத்தயா, நல்ல நாய் ஐயா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே கயிற்றை வாங்கிக்கொண்டார். நாங்கள் திரும்பி வரும்போது சித்தி ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் வாயில் பாட்டைக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

மூன்று மாதம் ராணி அங்கே ராணியாகவே இருந்தது. ஞாயிறு தவறாமல் நான் போய்ப் பார்ப்பேன். பால்சோறு தின்று முதுகு மினுமினுத்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்றி ஆற்றைத் தாண்டி ஓட, சித்தப்பாவும் ஆற்றைத் தாண்டினார். பன்றி கிடைக்கவில்லை. சிதறிய நாய்களைக் கூப்பிடத் தோட்டாவை எடுத்து ஊதினார். மூன்று மாதம் வயிறாரச் சோறு தின்ற ராணி, வேலியைத் தாண்டி, இழுக்கிற காலோடு ஓடிவந்து அவருடைய காலடியில் விழுந்து புரண்டது.

மத்தியானம் அவர் லயத்துக்கு வந்த கோலத்தைப் பார்க்கவேண்டுமே. செத்ததென்று விட்ட நாய் எஜமானைத் தேடி வந்துவிட்டதென்று ஒவ்வொரு காம்பரா வாசலிலும் நின்று சொன்னார். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அதை மல்லாக்கப் போட்டு வயிற்றைத் தடவியவர், திடீரென்று பேச்சை நிறுத்தினார். தழும்பின் மேல் ஒரு விரலை வைத்து நகர்த்தினார். பிறகு தன் காக்கிக் காற்சட்டையின் முழங்காலில் சித்தி போட்டிருந்த குறுக்குத் தையலை அதே விரலால் தடவினார். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் வேணாம்னு போட்டுட்டு வந்தத எடுக்க நீ யாருடி?" என்று சித்தியிடம் கத்திக்கொண்டே உள்ளே போனார்.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதெல்லாம் அடிச்சத்தம்தான். சித்தியின் குரல் கேட்கவே இல்லை. ஏழாவது காம்பராவில் யாரோ ரேடியோவைச் சத்தமாகத் திருப்பினார்கள். ஆறாவது காம்பராவில் கதவைச் சாத்தினார்கள். அப்பா எழுந்து வாசல்வரை போனார், நின்றார், வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். என் அப்பாவைப் பற்றி இப்படி எழுத எனக்குக் கை கூசவில்லை.

சித்தி எங்கள் காம்பராவுக்கு வந்தபோது ஒரு கண் மூடியிருந்தது. பின்னாலேயே ராணி. கால் இழுக்கிற நாய் வேட்டைக்கு ஆகாது என்று சித்தப்பா அதையும் உதைத்துத் தள்ளியிருந்தார். வருகிற ஞாயிறு காட்டுக்குக் கொண்டுபோய், இந்தத் தடவை ஒரேயடியாக முடித்துவிடுவதாக இஸ்தோப்பில் நின்று கத்தினார்.

எனக்கு ராணியின் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சோறு போட்டவரை விட்டுவிட்டு, கிழிந்து கிடந்தபோது திரும்பிப் பார்க்காதவரிடம் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுமா ஒரு நாய்? மானங்கெட்ட நாயே என்று கத்திக்கொண்டு கல்லெடுத்து எறிந்தேன். அது ஓடவும் இல்லை, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. சித்தி என் கையைப் பிடித்து இரண்டாவது கல்லைப் பிடுங்கிப் போட்டாள்.

"அத அடிக்காத பாப்பா. தப்பு அது மேல இல்ல. விசில் கேக்குற தூரத்துல விட்டது என் தப்பு."

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ராணியை அனுப்பியாக வேண்டும். அப்பா அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கிராமத்து முதலாளியிடம் தானே போய்ப் பேசினார். அங்கே விளைகிற முட்டைக்கோவாவை ஏற்ற வருகிற லொறி டிரைவருக்கு உடப்புசல்லாவையில் மாமனார் வீடு இருந்தது. புதன்கிழமை ஆள் அனுப்பி, வியாழக்கிழமை பதில் வாங்கி, வெள்ளிக்கிழமை கோவா மூட்டைகளுக்கு நடுவே ராணி லொறியில் ஏறிவிட்டது. தம்பி கேட்டால் தான் பார்த்துக்கொள்வதாக அப்பா மார்தட்டினார். நுவரெலியாவையும் தாண்டி அவ்வளவு தூரம். அங்கே விசில் கேட்குமா என்று சித்தியைக் கேட்டேன். வீங்கிய உதட்டோடு சிரித்து, கேக்காது என்று தலையை ஆட்டினாள்.

அந்த வாரம் முழுக்கச் சித்தி எங்களோடுதான் இருந்தாள். கொத்மலையில் அவளுக்கு ஒரு அக்கா உண்டு. கொஞ்ச நாளைக்கு அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாமா என்று அம்மா அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள். சித்தி அடுப்படியில் இருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்கும்.

"புருசன் பொண்டாட்டி சங்கதியில நாம தலையிடக் கூடாது. ஊர்ல என் மூஞ்சி என்னாவுறது?" என்றார் அப்பா.

நாயை உடப்புசல்லாவைக்கு அனுப்ப மூன்று நாளில் வழி கண்டுபிடித்த மனிதருக்கு, கொத்மலைக்கு வழி தெரியவில்லை. தெரியாமல் என்ன, பஸ் போகிற வழிதான். நாயை ஒளித்தால் தம்பி இரண்டு நாள் முறைப்பான், அவ்வளவுதான். தம்பி பெண்சாதியை அனுப்பினால் கங்காணிக்கு மரியாதை போய்விடும். லயத்துக்கும் அதே கணக்குத்தான். நாலு நாய்க்கு ரொட்டி கொடுத்தவர்களில் ஒருவர்கூட, இந்தப் பெண்ணுக்கு ஒரு இடம் பார்ப்போம் என்று வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருசத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. முக்கியமாக என்னை நினைத்தால்.

ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அங்கேதான் இருந்தேன். வெளியே மழைத்தூறல். சித்தி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பக்கமிருந்து விசில் கேட்டது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. எட்டிப் பார்த்தேன். சித்தப்பா தோட்டாவை வாயில் வைத்தபடி எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மற்ற நாய்கள் இரண்டும் கம்பியில் கட்டியபடி அவர் காலடியிலேயே இருந்தன.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சித்தியின் காதுக்குள் சொன்னேன்.

"சித்தி, ராணி இங்க இல்லன்னு தெரியாம ஊதுறாரு."

விசில் மறுபடியும் கேட்டது. சித்தி சுளகைக் கீழே வைத்தாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா வெற்றிலைக்குக் காம்பு கிள்ளத் தொடங்கினார். சித்தி கூந்தலை முடிந்து, ஆணியில் மாட்டியிருந்த கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். என் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். பிறகு குனிந்து வாசலைக் கடந்து மழைக்குள் இறங்கிப் போனாள்.

ராணி இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவரை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று அன்று பொழுது சாயும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.