ஊறுகாய் ஜாடி மேல் இருக்கும் கல்

போன வாரம் ஊறுகாய் ஜாடியைக் கழுவ எடுத்தேன். மூடி மேல் பாரத்துக்கு வைத்திருக்கும் கல் உருண்டு கால் கட்டைவிரலில் விழுந்தது. நகம் கறுத்துவிட்டது. நியாயமாகத் தலையில் விழுந்திருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ. கலசப்பாக்கத்தில் ஒரு ஆபீசில் நான் டைப்பிஸ்ட். எங்கள் மேனேஜருக்குப் பழங்காலத்து இடங்களைப் பார்க்கிற பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் ஜீப் பேசி ஜவ்வாது மலைக்குப் போனோம். வழிகாட்ட வந்தவர் வெள்ளையன். ஆபீசில் எல்லோருக்கும் புளி கொண்டுவந்து தரும் மலைக்காரர், நாற்பது வயதிருக்கும். ஜீப் நின்ற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடை. வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டே போனேன். வாய் அப்போதே இப்படித்தான்.

மேலே ஒரு சரிவு முழுக்கக் கல்வீடுகள். நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். பாதி சரிந்து கிடந்தன. "குள்ளருங்க வூடும்மா. எங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க" என்றார் வெள்ளையன். உள்ளே குனிந்தால் வௌவால் நாற்றம். இன்றைக்கும் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் எனக்கு அந்தச் சரிவுதான் ஞாபகம் வரும்.

பக்கத்தில் ஒரு புளியமரம். அடியில் அந்தக் காலத்துக் கற்கோடரிகள் குவியலாக இருந்தன. ஏர் ஓட்டும்போது யாருக்குக் கிடைத்தாலும் கொண்டுவந்து அங்கே வைத்துவிடுவார்களாம். அதுதான் அவர்களுக்குப் பிள்ளையார். உச்சியில் இருந்தது பெரியது, கறுப்பாக, வழவழவென்று, மஞ்சள் பூசி. செருப்பைக் கழற்றச் சொன்னார், கழற்றிக் கும்பிட்டோம். மற்றவர்கள் எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிரித்த நேரத்தில் நான் மட்டும் திரும்பி வந்து, அந்தப் பெரிய கல்லை எடுத்து டிபன் கேரியர் பையில் போட்டுக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் திருடினேன். அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை.

எதற்கு? அழகாக இருந்தது. மலைக்காரர்களுக்கு ஒரு கல் போனது தெரியவா போகிறது என்ற திமிர். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து வெள்ளையன் ஆபீசுக்கு வந்தார். புளி இல்லை, வெறுங்கை. ஒவ்வொரு மேஜையாகக் கேட்டுக்கொண்டு கடைசியில் என்னிடம் வந்தார்.

"தெரியாம எடுத்திருந்தா குடுத்துடும்மா. வெளி ஆளுங்கள கூட்டியாந்தது நானு. தையில பொண்ணுக்குக் கல்யாணம். கல்லு வந்தாதான் நாட்டார் பந்தல்ல கால் வெப்பேன்றாரு. அவரு தாலி எடுத்துக் குடுக்காம எங்கள்ல கல்யாணம் இல்ல."

நாட்டார் என்றால் அந்த மலையூர்களுக்கெல்லாம் தலைவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

கல் இரண்டு தெரு தள்ளி என் வீட்டு அலமாரியில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவர ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் ஆபீசே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா, எங்கள இன்னா திருடிங்கன்னு நெனச்சிக்கினியா?" என்று கத்தினேன். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவரை. மேனேஜரும் எனக்குப் பரிந்து அவரை அதட்டினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பிறகு புளி கொண்டுவரவே இல்லை. கல்யாணம் நின்றுபோனது என்று ஜீப் டிரைவர் சொன்னபோது நான் தலை நிமிராமல் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

ரிடையர் ஆன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. கல்லைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். இப்போது அந்த ஊர்வரை பஸ். புளியமரம் இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டிய சிமெண்டுக் கோவில், கடையில் வாங்கிய பிள்ளையார். கோடரிகளை அஸ்திவாரத்தில் போட்டு மூடிவிட்டார்களாம். கல்வீடுகளில் நாலைந்துதான் மிச்சம், மற்றதை உடைத்து ரோட்டுக்கு ஜல்லி போட்டாயிற்று.

கோவில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் வெள்ளையன் வீடு எது என்று கேட்டேன்.

"அப்பா செத்துப் போய்ட்டு இருவது வருசம் ஆவுதுங்க. நீங்க யாருங்க?"

நரைத்த தலை. கழுத்தைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கட்டிக்கொடுத்து அறுத்ததா, கட்டவே இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊரையே அதட்டுகிற வாய்.

"சும்மா சுத்திப் பாக்க வந்தேம்மா" என்றேன்.

வெயிலில் வந்திருக்கிறேனே என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் மலையிறங்கி வந்துவிட்டேன். அந்தக் குவியலில் இன்று மண்ணுக்கு மேலே இருப்பது இந்த ஒரு கல்தான். கழுவித் துடைத்து மறுபடியும் ஜாடி மேலேயே வைத்திருக்கிறேன்.