கேட்டால் வராத பதில்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மாதவிலக்கு வந்தால் நிற்பதில்லை என்றாகிவிட்டது. அப்போது இலங்கையில், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து மருந்துக் கொட்டகையில் இருந்த டிஸ்பென்சர், காய்ச்சலுக்குக் கொடுக்கும் அதே சிவப்பு மருந்தை எனக்கும் கொடுத்தார். சிவப்பாக இருக்கிறதே, ரத்தம் ஊறும் என்று நம்பிக் குடித்தேன். ஊறியதோ என்னவோ, போவது நிற்கவில்லை. கடைசியில் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அண்ணன் மனைவி, என் மதினி, துணைக்கு வந்தார்.

டாக்டர் சிங்களவர், நல்ல மனிதர், தமிழும் பேசுவார். கர்ப்பப்பைக்குள் கருவியை விட்டுக் கொஞ்சம் சதை சுரண்டி எடுத்து, புற்றுநோயா என்று கொழும்பில் பார்ப்பார்களாம். மயக்கம் கொடுக்கும் டாக்டர் கண்டியிலிருந்து வர வேண்டும். எப்போது வருவார் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் வெளிநோயாளர் பகுதியிலேயே, மயக்கம் இல்லாமல் செய்துவிடலாம், வலித்தால் சொன்னால் மரத்துப்போக ஊசி போடுகிறேன் என்றார்.

கருவி உள்ளே போனதும் அடிவயிற்றை ஈரத்துணி மாதிரி யாரோ முறுக்கிப் பிழிந்தார்கள்.

"அம்மா, வலிக்குதா?"

"இல்லைங்கய்யா."

நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. தோட்டத்தில் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது கணக்கப்பிள்ளை "ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லைங்க" என்பதுதான் பதில். வேறு ஏதாவது சொன்னால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார், அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. தோட்டத்தை நடத்தும் துரை கேட்டாலும் அதே பதில். சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி, பெரிய மனிதர் யார் கேட்டாலும் அது தானாக வந்துவிடும்.

அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். கண்ணில் தண்ணீர் கொட்ட நானும் திரும்பத் திரும்ப இல்லை என்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "தோட்டத்து அம்மா எல்லாம் நல்லா ஸ்ட்ராங்" என்று, என் கையைப் பிடித்திருந்த நர்ஸ் மிஸ்ஸியிடம் சொன்னார். மிஸ்ஸியின் கையில் என் நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. அவரிடம் வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து, எடுத்த சதை போதவில்லை, மறுபடி வரவேண்டும் என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் புற்றுநோய் பயம். (அது இல்லை என்று பிறகு தெரிந்தது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.) எனக்கு அந்த மேசைதான் பயம். போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

"வலிக்குதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? எங்ககிட்ட மட்டும் அந்த வாய் பேசுற!" என்றார் மதினி.

"அவரு கேக்குறாரு மதினி. கேட்டா வரமாட்டேங்குது."

டவுனுக்குப் போகும் ரயில் கோச்சியில் மதினியே டாக்டரானார். "வலிக்குதா?" என்று அதட்டினார். "வலிக்குது!" என்றேன். பிரமாதமாக வந்தது. எதிரில் இருந்த ஆள் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

மேசையில் படுத்தேன். "ஆ, ஸ்ட்ராங் அம்மா!" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கருவியைக் கையில் எடுத்தார். ஊசி எங்கேயும் கண்ணில் படவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, என் மேல் அதைவிட அதிகமாக வந்தது. அவர் இன்னும் எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் காரியம் கெட்டது.

"வலிக்குதுங்கய்யா" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லையே அம்மா."

"தெரியும்ங்கய்யா. தொட்டுட்டு நீங்க கேட்டா, இல்லன்னு சொல்லிருவேன். போன தடவ அப்படித்தான் சொன்னேன். உசுரே போயிருச்சுங்க."

அவர் கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, ஊசி கொண்டுவரச் சொன்னார்.

ஊசியும் வலித்தது. அதையும் சொன்னேன்.