உறைபனியில் இறுகிய அம்பு

எங்கள் அப்பா பொய் சொல்லி நான் பிடித்தது ஒரே ஒரு முறைதான். பிடித்ததோடு விட்டிருக்கலாம்.

பேத்துப்பாறை மலைக்கிராமத்துக்கு மேலே ஒரு ரிசார்ட்டில், விருந்தினர்கள் அம்பு விட்டு விளையாடும் இடத்தைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. பொழுது சாய்ந்ததும் வைக்கோல் இலக்குகளிலிருந்து அம்புகளைப் பிடுங்கி, பனி இறங்காமல் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். உறைபனி விழும் தை மாதத்தில் இதில் தவறவே கூடாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அப்பா என் கையில் வில்லைக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் விட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அம்பு மஞ்சள் வட்டத்தின் நட்டநடுவில் போய்க் குத்தி நின்றது. அம்மாவுக்குக் காட்டாமல் அதை எப்படிப் பிடுங்குவது? அப்பாவிடம் இருந்ததோ படம் எடுக்க முடியாத பட்டன் போன்.

"யப்பா, புடுங்காதீங்கப்பா" என்று அழுதேன்.

"சரி ஆத்தா. வெள்ளனே அம்மாவக் கூட்டியாந்து காட்டிட்டு எடுத்துக்கிருவோம்" என்றார். அம்பு நீட்டிக்கொண்டிருந்ததால் அந்த இலக்கை மட்டும் மூட முடியவில்லை.

விடிந்தபோது புல்வெளி முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அம்மா வந்து பார்த்து என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வேலைக்குப் போனாள். அப்பா அம்பை இழுத்தார். அசையவில்லை. ஈர வைக்கோல் கல்லாக இறுகியிருந்தது. உள்ளங்கையால் பொத்தினார், ஊதினார், திருகினார். நான் சமையலறைக்கு ஓடி ஒரு சொம்பு வெந்நீர் வாங்கிவந்து ஊற்றினேன். மறுபடி இழுத்தபோது தண்டு மட்டும் கையோடு வந்தது. வெந்நீரில் முனையை ஒட்டியிருந்த பசை இளகி, இரும்பு முனை உள்ளேயே தங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து விருந்தினர்களோடு மேனேஜர் வந்தார். "என்னண்ணே இது?"

"அம்பெடுக்க மறந்துட்டேன் சார்" என்றார் அப்பா.

எனக்கு வந்ததே கோபம். என் நட்டநடு வட்டத்தை இப்படியா மறைப்பது? "அப்பா மறக்கல சார். நான் அடிச்ச அம்பு. நான் கேட்டதாலதான் எடுக்கல" என்றேன் சத்தமாக.

வேலையாட்களின் பிள்ளைகள் வில்லைத் தொடக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. எனக்கு அது தெரியாது. மேனேஜர் நல்லவர், திட்டவில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னபிறகு அவராலும் மறைக்க முடியவில்லை.

அடுத்த வாரமே அப்பாவைக் குளியல் வெந்நீருக்கு விறகு எரிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். "அங்கன குளிரே தெரியாதுத்தா" என்று சிரித்தார். நான் நடுவில் அடித்ததற்குப் பரிசாகத்தான் கதகதப்பான வேலை கிடைத்தது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பாவிடமும் கேட்டேன்.

"ஆமாத்தா, பின்ன?" என்றார், புகையில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே. அதையும் பொய்யென்று பிடிக்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.