நந்தி லா

மலேசியாவில், எங்கள் கூலிம் ஆபீசில் இன்று காலை எங்கள் டீமில் யாராலும் கோடிங்கை சர்வரில் ஏற்ற முடியவில்லை. நான் சர்வரைத் திட்டினேன், இன்டர்நெட் லைனைத் திட்டினேன்.

பக்கத்து மேசை கவிதா என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, கோடிங் சிங்க் பண்ற சாஃப்ட்வேர அப்டேட் பண்ணிட்டீங்களா?"

"நந்தி லா."

மலாயில் 'அப்புறம்' என்று அர்த்தம். பல மாதங்களாக அந்த அப்டேட்டுக்கு நான் தரும் ஒரே பதில்.

"உங்க பழைய வெர்ஷன்தான் சர்வர்ல எல்லாருக்கும் பொதுவான ஃபைல பூட்டி வச்சிருக்கு. சாமிய மறைச்சிக்கிட்டு உக்காந்திருக்கிற நந்தி நீங்கதாண்ணே!"

அப்டேட் செய்தேன். எல்லாருடைய கோடிங்கும் ஏறிவிட்டது.

மதியம் கவிதா வந்து என் காதருகே குனிந்து, "அடுத்த அப்டேட்டயாவது உடனே பண்ணிடுங்க" என்று பயபக்தியோடு வேண்டிக்கொண்டு போனாள்.

வேறு வேண்டுதல் இருப்பவர்கள் கமெண்டில் சொல்லலாம். நிறைவேற்றுவது மட்டும், நந்தி லா.