ஆறின வண்டி

டிங்கருக்குத் தன் மச்சான் மேல் பன்னிரண்டு வருஷக் கோபம். நல்லது கெட்டதுக்குப் போனால் தலையை ஆட்டுவான். வாயைத் திறக்க மாட்டான். நாலு வருஷத்துக்கு முன்னால் மச்சானின் மனைவி செத்த வீட்டில்கூட அப்படித்தான், தலையை ஆட்டிவிட்டு வந்தான். அவன் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா உங்க வாய் முத்து உதிர்ந்துடுமா?"

"உங்கண்ணன் தொறக்க வேண்டிய நேரத்துல வாயத் தொறக்கல. நான் இப்ப எதுக்குத் தொறக்கணும்?"

விஷயம் ஒரு கார். மச்சான் பழைய கார் கடையில் வண்டி பார்க்கிறவர். அவர் பார்த்து, வண்டி சரியென்று அட்டையில் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே வண்டி கை மாறும். ஆயில் குச்சியை உருவி மோந்து பார்ப்பார். கால்மிதியைத் தூக்கி மோந்து பார்ப்பார். சைலன்சர் பக்கத்தில் குந்தி மோந்து பார்ப்பார். வண்டி வெள்ளத்தில் நின்றதா, கிளட்ச் கருகினதா, உள்ளே எலி குடும்பம் நடத்தினதா, எல்லாம் மூக்கே சொல்லிவிடும். அதனால் ஊரில் அவருக்கு மூக்கர் என்று பெயர்.

அப்பேர்ப்பட்டவர் இருக்கிற கடையில்தான் டிங்கர் தன் முதல் காரை வாங்கினான். அவன் தொழில் நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது. அன்றைக்கு விரல் கணுவால் வண்டியைச் சுற்றித் தட்டிப் பார்த்தான். பட்டி பூசி மறைத்த இடமென்றால் சத்தம் மொத்தையாக வரும். அதில் ஒரு இடத்தில்கூட வரவில்லை. நாலு கதவு இடுக்கும் ஒரே அளவு. உடம்பு இவ்வளவு சுத்தமாக இருக்கிற வண்டிக்கு உள்ளே என்ன கோளாறு இருக்கப் போகிறது என்று நினைத்துவிட்டான். டிங்கர் புத்தி டிங்கரோடுதானே போகும்.

"என்ன மச்சான், எடுத்துடலாமா?" என்று கேட்டான்.

மூக்கர் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில வா மாப்ள" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மனுஷனுக்கு உடம்பு வணங்கவில்லை என்று நினைத்து, டிங்கர் அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மூன்றாம் நாள் பாலத்து நடுவில் இன்ஜின் உயிரை விட்டது. இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்த மனைவி பின்னால் நின்று தள்ளினாள். பத்து வயசு மகள் உள்ளே உட்கார்ந்து அழுதாள். பின்னால் வந்த லாரிக்காரன் தனக்குத் தெரிந்த வசவு அத்தனையையும் அன்றைக்கே தீர்த்துக்கொண்டான்.

அந்த மகளுக்கு இப்போது இருபத்திரண்டு. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. திங்கட்கிழமையிலிருந்து தூரத்தில் இருக்கிற கிளைக்கு மாற்றிவிட்டார்கள். முதல் பஸ் கிளம்புகிற நேரத்துக்கு அவள் அங்கே நாலு பேருக்கு ஊசி குத்தி முடித்திருக்க வேண்டும். தேடித் தேடி அவள் பிடித்த பதினோரு வயசுச் சின்ன வெள்ளைக் கார், போயும் போயும் அதே கடையில் நின்றது.

"அப்பா, மாமாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"அவரு வாயில வார்த்தை வராதும்மா."

"அப்ப அந்த இருட்டு ரோட்டுல வண்டி நின்னுச்சுன்னா நீங்க வந்து தள்றீங்களா?"

பாலம் அவளுக்கும் மறக்கவில்லை. டிங்கர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. கடை முழுக்க வண்டிகள், பம்பரும் பம்பரும் ஒட்டிக்கொண்டு. கோடியில் முதலாளியின் கண்ணாடி அறை. அதன் தலைக்கு மேல் மூக்கரின் ஒற்றை அறை. அந்த மாடிப்படி கடைக்குள்ளேதான் இறங்கும். படியடியில் மூன்று கார்கள். மூக்கர் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் வெளியே வர முடியும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் வருகிறார். முதலாளி மூக்கரின் செத்துப்போன மனைவிக்கு அண்ணன். இருக்கிற அறையும் அவனுடையது, செய்கிற வேலையும் அவனுடையது. கேட்டுச் சாவி என்னவோ மூக்கரிடம்தான் இருக்கிறது. திறந்துகொண்டு எங்கே போவார்?

டிங்கர் வெள்ளைக் காரைச் சுற்றித் தட்டினான். பட்டி இல்லை. அந்தச் சுத்தத்தை இந்தத் தடவை அவன் நம்பவில்லை. மூக்கர் வந்தார். பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணாடி அறையை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில வா மாப்ள."

டிங்கருக்குச் சுர்ரென்று ஏறியது. பன்னிரண்டு வருஷ விரதம் அங்கேயே முறிந்தது.

"இதையேதான் அன்னிக்கும் சொன்ன! வாய்ல என்ன கொழுக்கட்டையா? நல்ல வண்டின்னா நல்லதுன்னு சொல்லு, கெட்டதுன்னா கெட்டதுன்னு சொல்லு!"

"மெதுவாப் பேசு." மூக்கர் அவன் கையைப் பிடித்து பானெட் மேல் வைத்தார். கொதித்தது. "யாரும் ஓட்டல. ஏன் சுடுது?"

"ஏன்?"

"சூடான வண்டி எல்லாமே நல்ல வண்டிதான்டா. சத்தம் அடங்கிரும், புகை நின்னுரும். ராத்திரி பூரா ஆறின வண்டி மொத தடவ உறுமும்போதுதான் உண்மையச் சொல்லும். அதான் ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஓடவிட்டு வெக்கறது. வெக்கறது யாருன்னு நெனக்கிற? நான்தான்."

டிங்கர் கையை எடுக்கவில்லை.

"வேணாம்னு நான் சொன்னா அன்னிக்கே என் பொண்டாட்டியும் நானும் தெருவுல. வாங்குன்னு சொல்லவும் மனசு வரல. நாளைக்கு வான்னேன். தொழில் தெரிஞ்சவன், புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன். ஏழு மணிக்கு வந்திருந்தீன்னா ஆறின வண்டியக் காட்டியிருப்பேன்."

"எனக்குத் தகரம்தான் மச்சான் தெரியும்" என்றான் டிங்கர். குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் ஆறு மணிக்கே கேட்டைத் திறந்து வைத்திருந்தார் மூக்கர். மற்ற வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. வெள்ளைக் கார் மட்டும் பனித்துளியோடு சும்மா நின்றது. பானெட் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. மூக்கர் ஆயில் குச்சியைப் பார்த்தார், ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்தார். "ரெண்டும் புதுசா ஊத்தியிருக்கான். கண்ணுல ஒண்ணும் சிக்காது" என்று சாவியைத் திருகினார். வண்டி ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. பின்னால் வெள்ளைப் புகை.

"குளிருக்கு எல்லா வண்டியும்தான் வெள்ளையா விடும்" என்றார். ஆனால் குந்தவில்லை. அங்கேயே நின்று டிங்கரைப் பார்த்தார். "மாப்ள, நீ உக்காந்து மோந்து பாரு."

"நானா? மூக்கர்னு ஊரே கூப்பிடறது உன்னத்தானே?"

"போன மழைக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல. மூணு நாள்ல காய்ச்சல் போச்சு, அதோட இதுவும் போச்சு. மல்லிகையும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். இன்னும் முதலாளிக்குத் தெரியாது."

டிங்கர் சிரிக்கப் போனான். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. ஒன்பது மாசமாக இந்த மனுஷன் குச்சியை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, தெரிந்த மாதிரி தலையாட்டி, அட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அறுபது வயசு. மூக்கு இல்லாத மூக்கரை வேறு எந்தக் கடைக்காரன் சேர்ப்பான்?

டிங்கர் குந்தினான். கண் எரிந்தது. "பெட்ரோல் இல்ல. கருகின ஆயிலும் இல்ல. ஒரு மாதிரி இனிப்பா, சர்க்கரைப் பாகு அடிப்பிடிச்ச மாதிரி வருது மச்சான்."

"நல்லாப் பாரு. அஞ்சு நிமிஷம் போவட்டும்."

அஞ்சு நிமிஷம் போனது. பக்கத்து வண்டிகளின் புகை கரைந்துவிட்டது. இதன் புகை கரையவில்லை. இனிப்பு இன்னும் தூக்கலாக வந்தது.

மூக்கர் இன்ஜினை அணைத்தார். "ரேடியேட்டர்ல ஊத்தின கூலண்ட் இன்ஜினுக்குள்ள எறங்கி எரியுது. நடுவுல அடைச்சு நிக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. பாதி ரோட்டுல கொதிச்சு நிக்கும்." பிறகு, அக்கம்பக்கம் பார்க்காமல், "வேணாம்" என்றார். அந்தச் சொல்லை அந்தக் கடைக்குள் அவர் வாய்விட்டுச் சொல்லி டிங்கர் கேட்டதே இல்லை.

ஏழரைக்கு முதலாளி வந்தான். வரும்போதே அட்டையும் பேனாவும் கையில். "என்ன டிங்கரே, பொண்ணுக்குச் சாவியக் குடுத்துரலாமா? என்ன மூக்கா, வண்டி எப்படி?"

மூக்கர் பேனாவை வாங்கிக்கொண்டார். சரி என்றால் தங்கை மகள் இருட்டு ரோட்டில் நிற்பாள். சரியில்லை என்றால் அவரே தெருவில் நிற்பார். பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

டிங்கர் முந்திக்கொண்டான். "வேணாம் முதலாளி. பாடி சரியில்ல. இடது கதவு பூரா பட்டி."

முதலாளி போய் இடது கதவைத் தட்டினான். டங்கென்று மணி மாதிரி அடித்தது. இன்னொரு தடவை தட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இதுல பட்டியாய்யா? முப்பது வருஷமா என்னத்தத் தட்டுன நீ? காது டாக்டரப் போய்ப் பாரு. இதை நான் நாலு பேர்கிட்ட சொல்லாம இருக்க மாட்டேன்."

"தாராளமாச் சொல்லுங்க."

டிங்கருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. தொழிலில் அவனைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"இவன் இல்லாட்டி இன்னொருத்தன். பத்து மணிக்கு ஒருத்தர் வர்றாரு. கையெழுத்தப் போடு மூக்கா. அப்படியே வண்டிய ஓடவிட்டு வை."

மூக்கர் டிங்கரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பிறகு சாவியைத் திருகினார். முதலாளி கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

டிங்கர் பைக் சாவியை எடுத்தான். திங்கட்கிழமை மூன்று மணிக்கு எழுந்து மகளைப் பைக்கில் கொண்டுபோய் விட வேண்டும். அடுத்த வண்டி கிடைக்கிற வரைக்கும் தினமும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கேட்டுப் பக்கம் நடந்தான்.

"மாப்ள."

திரும்பினான். மூக்கர் படியடியில் இரண்டு கார்களுக்கு நடுவே பக்கவாட்டில் சொருகிக்கொண்டு நின்றார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"சீக்கிரம் வா, அவன் பாக்கறதுக்குள்ள. காலையில மேல பால் காய்ச்சினேன். என் பொண்டாட்டி இருந்திருந்தா அவ மோந்து சொல்லியிருப்பா. இப்ப தெனம் சிலிண்டர மூடறேன், மூடினேனான்னு திரும்பத் திரும்ப ஏறிப் போய்ப் பாக்கறேன். கேஸ் கசியுதான்னு ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லிட்டுப் போ."