கொளுக்கி கழற்றிய கதவு

"பிள்ளை, நீங்கள் இங்கிலீஸ் வாசிப்பீங்கள்தானே?"

பெனடிக்ற் மாமா எங்கள் படலைக்கு வெளியே சைக்கிளில் இருந்தபடியே கேட்டார். ஒரு கால் மட்டும் நிலத்தில் ஊன்றியிருந்தது.

"வாசிப்பன் மாமா. உள்ள வாங்கோ."

"வேண்டாம், கையெல்லாம் கிறீஸ். இதை ஒருக்காப் பாருங்கோ."

படலைக்கு மேலால் ஒரு மஞ்சளடித்த தாளை நீட்டினார். ஓரங்களில் பசை காய்ந்து மரத்தூளோடு ஒட்டியிருந்தது.

"எதிலயிருந்து கிழிச்சனீங்கள்?"

"விளையாட்டு மெசினின்ர பின்கதவு உள்பக்கத்தில ஒட்டியிருந்தது. மூண்டு நாளா ஒரு அசுமாத்தமும் இல்லை."

"கறண்ட் வருதோ?"

"சுவர் பிளக் வரைக்கும் வருது, ரெஸ்ரர் வைச்சுப் பாத்தனான். உள்ள போய் எங்கயோ நிக்குது. போட் எஞ்சின் எண்டா சத்தத்திலயே வருத்தத்தைச் சொல்லிப்போடுவன். இது சத்தமே போடேல்லை, நான் என்னத்தைக் கேக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது எல்லா விளையாட்டும் போனிலேயே இருக்கிறதே என்று சொன்னேன்.

"மகளுக்குப் போனையும் குடுத்துப் பாத்தம். கிணத்துக்குள்ள போட்டிட்டாள்."

கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"செலீனா கொளுக்கியைத் தேடுறாள் பிள்ளை. நான் ஒளிச்சு வைச்சிருக்கிறன்."

ஞாயிறு பூசை முடிந்து வருகிறேன் என்றேன்.

"பூசைக்கு முன்னம் எண்டாலும் சரி. ஆண்டவர் கோவிக்க மாட்டார்."

அந்தக் கொளுக்கி எதற்கென்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கும் செலீனா மாமிக்கும் ஒரே பிள்ளை, டினோஜா. அவளுக்கு இருபத்தாறு வயது. அவளிடம் உள்ள பேச்சு ஒரு பத்துப் பன்னிரண்டு சொல்தான். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கதவு திறந்திருந்தால் நேரே கடலுக்குத்தான் போவாள். ரயில் நிலையத்தைத் தாண்டி, பழைய இறங்குதுறைப் பக்கமாகப் போய், தண்ணீருக்குள்ளும் நிற்காமல் நடப்பாள். மாமி கருவாட்டு வேலைக்குப் போக வேண்டும். மாமா கரையிலுள்ள மீன்வாடியில் எஞ்சின் திருத்த வேண்டும். அதனால் அறைக் கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு பெரிய கொளுக்கி பூட்டியிருந்தார்கள். பகலில் அந்தப் பக்கம் போனால் அவள் உள்ளங்கையால் கதவைத் தட்டுவது கேட்கும். கோபமாகத் தட்டமாட்டாள். ஒரே அளவில் தட்டிக்கொண்டேயிருப்பாள்.

பெனடிக்ற் மாமா முன்பு கடலுக்குப் போனவர். சண்டைக் காலத்தில் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்தபோது எஞ்சின் வேலை பழகினார். திரும்பி வந்தபின் அதுவே தொழிலாயிற்று. விடத்தல்தீவிலிருந்தும் ஆட்கள் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். கொண்டுவந்த எதையும் சரிவராது என்று அவர் திருப்பி அனுப்பியதில்லை. கடலுக்குள் விழுந்து இரண்டு நாள் கிடந்த எஞ்சினைக்கூட நல்ல தண்ணீரில் கழுவி, கழற்றி, பூட்டி ஓடவைத்தார்.

விளையாட்டு மெசினைக் கொண்டுவந்தவர் அகீல் நானா. கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறிக்காரர். அங்கே ஒரு விளையாட்டுக் கடையை மூடும்போது தூக்கி எறிந்ததை, திரும்பி வந்த வெறும் லொறியில் போட்டு வந்தார். ஆளுயரப் பெட்டி, முன்னால் கண்ணாடித் திரை, ஒரு சிவப்புப் பிடி, இரண்டு பொத்தான். பல மாதங்கள் அதில் மீன் மணம் போகவில்லை. கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகள் விளையாடட்டும் என்றுதான் மாமா வாங்கினார். ஆனால் முதல் நாளே டினோஜா பிடியைப் பிடித்தாள், விடவில்லை. திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கப்பல் ஓடும். மற்றவர்கள் அதை வைத்துச் சுடுவார்கள். அவள் சுடமாட்டாள். இடமும் வலமும் ஓட்டிக்கொண்டேயிருப்பாள். அது வெடித்தால் சிரித்துவிட்டு மறுபடியும் தொடங்குவாள். "போட்" என்பாள். அது அவளுடைய பன்னிரண்டு சொற்களில் ஒன்று.

மாமா மெசினுக்குள் போடும் வில்லைக்காசு ஒன்றில் துளை போட்டுத் தங்கூசி நூலில் கட்டித் தொங்கவிட்டார். அதைப் போட்டுவிட்டு இழுத்து எடுக்கலாம், ஒரே காசு ஆயிரம் முறை போகும். ஒரு மாதம் பார்த்தார். அவள் கடல் பக்கம் திரும்பவேயில்லை. பிறகு ஒருநாள் கதவிலிருந்த கொளுக்கியைக் கழற்றினார். நான்கு திருகாணித் துளைகள் மட்டும் மிஞ்சின. நான்கு வருடம் அந்தக் கதவு திறந்தே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது டினோஜா மெசினுக்கு முன்னால் நின்றாள். காசைப் போடுவாள். உள்ளே அது விழுந்த சத்தம் கேட்கும். கறுத்த திரையைப் பார்ப்பாள். இழுத்து எடுத்துத் திரும்பவும் போடுவாள்.

தாளில் இருந்ததை நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, மாமா செய்தார். பின்கதவில் ஒரு சின்ன சுவிச் இருந்தது. கதவு சரியாக மூடாவிட்டால் அது மின்சாரத்தை விடாதாம். அதை அமத்திப் பார்த்தார், பிழையில்லை. அடுத்தது கண்ணாடி பியூஸ். உள்ளே கம்பி அறுந்து கருகியிருந்தது.

"இவ்வளவுதான் விசயம்!" என்று மாமா மாமியைப் பார்த்துச் சொன்னார். "இவள் எனக்குக் கொளுக்கி தேடுறாளாம்."

"வெளிச்சம் வரட்டும், பிறகு கதையுங்கோ" என்றாள் மாமி.

அடுத்த நாள் மன்னாரில் இரண்டு பியூஸ் வாங்கி வந்து கொடுத்தேன். முதலாவதைப் போட்டதும் ஒரு மின்னல், அவ்வளவுதான். தாளின் கடைசி வரியை வாசித்தேன். புதிய பியூஸும் எரிந்தால் உள்ளே பெரிய பிழை இருக்கிறது, மறுபடி மின்சாரம் கொடுக்கவேண்டாம், திருத்துநரை அழைக்கவும் என்று இருந்தது.

"திருத்துநர் எங்கயாம்?"

"கொழும்பு விலாசம் மாமா. போன் நம்பர் ஆறு இலக்கம்தான், பழசு."

"அப்ப அவரும் செத்திருப்பார்."

இரண்டாவது பியூஸையும் போட்டார். அதுவும் எரிந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் மாமி. "நேற்றுப் பின்னேரம் றெயில் பாதையால போயிட்டாள். பக்கத்து வீட்டு நிறஞ்சலா கண்டு கூட்டிவந்தது. எனக்கு ஒவ்வொரு நாளும் ஒருத்தர் காணுவினமோ? கொளுக்கியைத் தாங்கோ."

"ஒரு கிழமை தா."

"கடல் தருமோ ஒரு கிழமை?"

மாமா மெசினுக்குப் பின்னால் குந்தினார். பழைய வயர் துண்டொன்றைப் பல்லால் கடித்து உரித்து, ஒரு செப்பு இழையைப் பிரித்தெடுத்தார். பியூஸ் இருந்த இடத்தில் அதைச் சுற்றினார். தாளில் வேண்டாம் என்று இருப்பதை மீண்டும் சொன்னேன்.

"எழுதினவன் கடலுக்குப் போகேல்லைப் பிள்ளை. கச்சான் காத்துக்குள்ள, கரை தெரியாத இடத்தில போட் பியூஸ் எரிஞ்சா ஆரைக் கூப்பிடுறது? கம்பியைச் சுத்திக்கொண்டு வந்து சேருவம். நான் எத்தினை தரம் வந்தனான்."

சுவிச்சைப் போட்டார்.

மேலே இருந்த பலகை ஒளிர்ந்தது. திரை சாம்பலாகி, பிறகு வெள்ளையாகிற்று. பழைய மெட்டின் ஒரு துண்டு கேட்டது. கப்பல் வந்தது. டினோஜா "போட்" என்று கத்தி என் தோளில் அடித்தாள். மாமி சிலுவை போட்டுக்கொண்டாள். மாமா திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். அப்படிச் சிரித்ததால் புகையை அவர் கடைசியாகத்தான் கண்டார்.

பிளக்கை இழுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே இருந்த பச்சைத் தகட்டில் ஐம்பது சதக் காசளவு கருந்துளை. சுற்றிலும் இருந்த செப்புக் கோடுகள் தூக்கிக்கொண்டு நின்றன. மாமா அதைத் தன் சாரத்தில் ஏந்தி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். எஞ்சினை மணந்து பார்ப்பதுபோல மணந்து பார்த்தார்.

பழைய விளையாட்டு மெசின் திருத்துகிறவர்கள் இணையத்தில் கூடும் இடம் ஒன்று இருப்பதாக நான்தான் சொன்னேன். படம் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். "பிழை என்னில எண்டு எழுதுங்கோ. பியூஸுக்குப் பதிலாச் செப்புக் கம்பி போட்டனான் எண்டும் எழுதுங்கோ. ஒளிச்சா அவனுக்கு வருத்தம் பிடிபடாது."

அந்தக் கிழமை முடியுமுன் டினோஜாவை இரண்டு நேவிக்காரர் கூட்டிவந்தார்கள். இறங்குதுறைக்குப் பக்கத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றாளாம். அன்று பின்னேரம் மாமா கொளுக்கியைத் தானே எடுத்து வந்தார். பழைய துளைகள் பெருத்திருந்ததால் திருகாணி பிடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் தீக்குச்சியை முறித்துத் திணித்துவிட்டு முறுக்கினார். நான்கையும் இறுக்கி முடித்து, கொளுக்கியை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. நல்ல வேலைதான் செய்திருந்தார்.

பதில் பத்தாம் நாள் வந்தது. எழுதியவர் எந்த நாட்டவர் என்று தெரியவில்லை, நல்ல மனிதர். தகடு முற்றாக எரிந்துவிட்டது, யாராலும் திருத்த முடியாது, அந்த வகைத் தகடு இப்போது எங்கும் செய்வதில்லை, தானே ஒன்றுக்காக ஒன்பது வருடம் தேடுவதாக எழுதியிருந்தார். மரப்பெட்டி உறுதியானது, அலுமாரியாகப் பாவிக்கலாம் என்று கடைசியில் சேர்த்திருந்தார்.

அது ஏழு மாதத்துக்கு முன். நான் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது பெனடிக்ற் மாமா வாடிக்குப் போகும் வழியில் சைக்கிளை மெதுவாக்குவார். "ஏதும் வந்ததோ பிள்ளை?" என்பார். "இன்னும் இல்லை மாமா" என்பேன். "ஓம், தூர இடம்தானே" என்றுவிட்டு மிதிப்பார். காற்று இந்தப் பக்கம் வீசும் நாட்களில் பஸ் நிற்கும் இடம்வரை அந்தக் கதவுச் சத்தம் கேட்கும்.

படங்களை அனுப்பிய அன்று, நான் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பியபோது, மாமா படலைவரை கூட வந்தார். மாமிக்குக் கேட்காத தூரம் வந்ததும் நின்றார்.

"பிள்ளை, அவங்கள் சரிவராது எண்டு எழுதினா, அதை எனக்கு வாசிக்க வேண்டாம். பதில் வரேல்லை எண்டு சொல்லுங்கோ. நான் எத்தினை தரம் கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்கோ."