வட்டக்கச்சியில வழுக்கின கிளச்

இல்லை மாஸ்டர், எனக்கு விஞ்ஞானம் படிப்பிச்ச ஆளெண்டாலும் இதை நான் விடமாட்டன். நான் பிளேட் மாத்திப் பூட்டினபடியாத்தான் உங்கட மோட்டச்சைக்கிள் கிளச் வழுக்குதெண்டு ஊர் வட்ஸ்அப் குறூப்பில எழுதியிருக்கிறியள். எங்கட தொழில் இப்பிடித்தான்: எஞ்சினுக்க என்னத்தை ஊத்தினதெண்டு ஒருத்தரும் யோசிக்கமாட்டினம், கடைசியாப் பூட்டின ஆளைப் பேசுவினம். அந்த ஆள் பெட்டையெண்டா இன்னும் வசதி. கம்பஸ் லீவில சித்தப்பான்ர கராஜில நிக்கிற நான் இனிக் கிளச்சில கை வைக்கக்கூடாதாம், ரியூப் ஒட்டட்டாம், அதைப் பார்த்திட்டு அவரே சொல்லிப்போட்டார். கிறீஸ் கையோட பேச்சு வாங்கிற என்ர சனமே, நீங்களும் வாசியுங்கோ.

இறுக்கமெண்டா நல்லதாம்

நெடுங்கேணியில இருந்து ஒரு அண்ணை வந்தார். தகப்பன் காலத்து மோட்டச்சைக்கிள், பின்னால நெல்லு மூட்டை. எஞ்சின் கத்துது, சைக்கிள் முன்னுக்கு அரக்குதில்லை. பார்த்தா, கிளச் கேபிளை இனி இறுக்கேலாத அளவுக்கு இறுக்கி வைச்சிருக்கிறார். கைபிடியில கொஞ்சம் ஆட்டம் இல்லாட்டி, ஆரோ எப்பவும் கிளச்சை அரைவாசி பிடிச்சுக்கொண்டு ஓடுற மாதிரி. பிளேட் வழுக்கத்தான் செய்யும். இளக்கி விட்டன். மூட்டையோட ஒரு வட்டம் ஓடிப்போட்டு வந்தார். நன்றி சொல்லப்போறாராக்கும் எண்டு நிண்டனான்.

"ஓடுது தங்கச்சி, ஆனா கைபிடி ஆடுதெல்லே. பழையபடி இறுக்கி விடும்."

மிஞ்சின ஒயில்

கண்டாவளை ஐயா ஒருத்தர், உழவு டிறக்டர் கியர்பொக்ஸுக்கு வாங்கி மிஞ்சின ஒயிலைச் சைக்கிள் எஞ்சினுக்க விட்டிட்டார். தேன் மாதிரித் தடிப்பு, அண்டையில இருந்து கிளச் வழுக்குதாம். டிறக்டர் கிளச் ஒயிலைத் தொடாது ஐயா, உங்கட சைக்கிள் கிளச் எஞ்சின் ஒயிலுக்கதான் கிடந்து குளிக்குது, அதுக்கு மோட்டச்சைக்கிளுக்கெண்டு போட்ட ஒயில்தான் விடவேணும் எண்டு நிலத்தில படம் கீறியும் காட்டினன். படத்தை வடிவாப் பார்த்தார். பேந்து என்னைப் பார்த்தார்.

"அவ்வளவு பெரிய டிறக்டருக்குக் காணுமாம், இந்தச் சின்னனுக்குக் காணாதோ பிள்ளை?"

கப்பலில வந்தது

இப்ப உங்கட கதைக்கு வாறன் மாஸ்டர். புதுப் பிளேட்டை ஒயிலில ஊறவிட்டுத்தான் பூட்டினனான். சித்தப்பாவைப் பின்னால ஏத்திக்கொண்டு குளக்கட்டு ஏத்தத்தில ஓடியும் பார்த்தனான், ஒரு வழுக்கலும் இல்லை. கொண்டுபோனியள், குறூப்பில எழுதினியள், பிறகு சைக்கிளை லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில ஏத்தி உங்கட மனுசியோட அனுப்பினியள். நீங்கள் வரேல்லை.

ஒயிலை இறக்கினா, அது நான் விட்ட ஒயிலே இல்லை. தண்ணி மாதிரி, வேற மணம். அவா பாவம், ஒளிக்கத் தெரியாதவா.

"கனடாவில இருந்து என்ர தம்பி கப்பல் பெட்டிக்க சொக்லேட்டோட போட்டு விட்டவன், பிள்ளை. காருக்கு விடுறதாம், உள்ளுக்க எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடுமாம். வெளிநாட்டுச் சாமானெண்டு இவர்தான் ஆசையா விட்டவர்."

கழட்டிக் கழுவி, உரிய ஒயில் விட்டன். அதே பிளேட், அதே நான், அதே குளக்கட்டு, ஏறிச்சுது. வழுக்கிறதுக்கெண்டே செய்த ஒயிலைக் கிளச்சுக்கு ஊத்திப்போட்டு வழுக்குதெண்டு அழுகிற ஆள்தான் எனக்கு உராய்வு படிப்பிச்சவர். பழி போட்ட அதே குறூப்பில, சித்தப்பாவும் பாக்கத்தக்கதா, நீங்களே எழுதுங்கோ மாஸ்டர்: எஞ்சினுக்க என்ன விட்டனீங்கள்?